உங்கள் போனுக்கு எத்தனை முகவரி?

வீட்டில் இருப்பது நான்கு பேர். போன் நான்கு, லேப்டாப் ஒன்று, டி.வி. ஒன்று. ஆனால், வைஃபை ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், 'இணைந்துள்ள கருவிகள்' பட்டியலைப் பார்த்தால் பத்து, பன்னிரண்டு வரிகள்கூட இருக்கும். பாதி வரிகளுக்குப் பெயரே இருக்காது. வெறும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளமான வரிசை மட்டும் நிற்கும்.

'பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வைஃபையைப் பயன்படுத்துகிறாரோ?' என்ற சந்தேகம் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அங்கே வெளியாள் யாரும் இருக்க மாட்டார். உங்கள் வீட்டுப் போனே இன்று ஓர் எண்ணிலும் பதினைந்து நாள் கழித்து வேறோர் எண்ணிலும் வந்து போயிருக்கலாம். லேப்டாப்புக்குள் ஓடும் ஒரு மென்பொருள், தனக்கென்று ஓர் எண்ணை உருவாக்கிக்கொண்டு இணைந்திருக்கலாம்.

அது எப்படி? ஒரு கருவிக்கு ஓர் எண்தானே இருக்க வேண்டும்?

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். இப்போது கதை மாறிவிட்டது. அந்த மாற்றம் உங்கள் அந்தரங்கத்தைக் காக்கவும் செய்கிறது. குழந்தையின் போனுக்கு நீங்கள் போட்ட நேரக் கட்டுப்பாட்டைத் தெரியாமலேயே உடைக்கவும் செய்கிறது. அதனால் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

12 இலக்கத்தில் ஒரு ஜாதகம்

வைஃபை, புளூடூத், கேபிள் என எந்த வழியில் நெட்வொர்க்கில் சேர்ந்தாலும் கருவிக்கு ஓர் அடையாள எண் வேண்டும். அதன் பெயர் மேக் அட்ரஸ். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டிரண்டு இலக்கங்களாக ஆறு ஜோடிகள். மொத்தம் 12 இலக்கங்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் வரும். இப்படி எழுதக்கூடிய மொத்த எண்கள் சுமார் 281 லட்சம் கோடி.

முதல் மூன்று ஜோடிகள் கருவியைத் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு அவற்றைக் கம்பெனிகளுக்கு ஒதுக்கித் தருகிறது. அடுத்த மூன்று ஜோடிகளைக் கம்பெனியே வரிசையாகப் போட்டுக்கொள்ளும். ஓர் ஒதுக்கீட்டில் 1 கோடியே 67 லட்சம் கருவிகளுக்கு எண் கொடுக்கலாம். தீர்ந்துவிட்டால் இன்னொரு ஒதுக்கீடு வாங்க வேண்டியதுதான்.

இந்த எண்ணுக்கு எல்லையும் உண்டு. தெருவுக்குள் கடிதம் கொடுக்க வீட்டு எண் போதும். ஊர் விட்டு ஊர் போக அது போதாது. மேக் அட்ரஸும் அப்படித்தான். உங்கள் போனுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடையில்தான் அதற்கு வேலை. ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குள் போகும்போது ஐ.பி. முகவரி பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் இணையதளங்களுக்கு உங்கள் மேக் அட்ரஸ் போய்ச் சேர்வதில்லை.

யார் கொடுத்த எண்?

1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட் என்ற கேபிள் வழி நெட்வொர்க்கை உருவாக்கினார்கள். ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கான ஏற்பாடு அது. அதனால், முகவரிக்கு எட்டு பிட் போதும் என்று வைத்தார்கள். அதில் 256 எண்களுக்கு மேல் கிடையாது.

பின்னால் உலகம் முழுக்க ஈதர்நெட் பரவப்போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கணக்கு உதவவில்லை. 48 பிட் கொண்ட, உலகில் ஒரு முறைக்கு மேல் வராத எண் வேண்டும் என்று 1981-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாதாடியது. அதை எழுதிய இருவரில் ஒருவர் யோகன் தலால், பாம்பே ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போன பொறியாளர். இன்னொருவர் ராபர்ட் பிரின்டிஸ். கருவி எந்த ஊருக்குப் போனாலும், எந்த நெட்வொர்க்கில் சேர்ந்தாலும் எண் மாறக்கூடாது. அதைத் தயாரிக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் யோசனை.

அதே 48 பிட்தான் இன்று உங்கள் போனிலும் இருக்கிறது.

சிப்பில் ஒன்று... நினைவகத்தில் ஒன்று!

'தொழிற்சாலையிலேயே சிப்பில் பதித்த எண்ணை யாரால் மாற்ற முடியும்?' என்று கேட்கலாம். பதித்த எண்ணை மாற்ற வேண்டியதே இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸோ லினக்ஸோ ஆண்ட்ராய்டோ, அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நெட்வொர்க் சிப்பிடம் போய் 'உன் எண் என்ன?' என்று கேட்கும். சிப் சொல்லும். அதைத் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியே போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 'அனுப்புநர்' என்ற இடத்தில் அது ஒட்டுவது அந்த நகலைத்தான். நகலில் வேறு எண்ணை எழுதிவிட்டால், வெளியே போவதும் வேறு எண்தான். சிப்பில் பதித்தது அப்படியே உறங்கிக் கொண்டிருக்கும்.

லினக்ஸ் இதில் கணக்குச் சுத்தம். தயாரிப்பில் வந்த நிரந்தர எண்ணை ஒரு பக்கமும், இப்போது பயன்பாட்டில் இருக்கும் எண்ணை ஒரு பக்கமும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் எழுதி வைப்பதைப்போல!

இது ஹேக்கர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிற வசதிதான். 1980-களில் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனியின் 'டெக்நெட்' நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால், சிப்பில் இருந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தன் நெட்வொர்க் முகவரியிலிருந்து கணக்கிட்ட புதிய மேக் அட்ரஸைப் போட்டுக்கொள்ளும்.

உடம்பே இல்லாத கார்டு

அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கை. நகல்தான் முக்கியம் என்றால், அசலே இல்லாமல் இருந்தால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தவரை நெட்வொர்க் கார்டு என்பது ஒரு பெயர், ஒரு மேக் அட்ரஸ், 'அனுப்பு - வாங்கு' என்ற இரண்டு வேலைகள். அவ்வளவுதான். பின்னால் நிஜமான சிப் இருக்கிறதா, வெறும் மென்பொருள் இருக்கிறதா என்று மற்ற புரோகிராம்கள் கேட்பதில்லை. அதனால், சிப்பே இல்லாத கார்டுகளை வேண்டிய அளவு உருவாக்கலாம். இவைதான் விர்ச்சுவல் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்கள்.

விண்டோஸ் லேப்டாப்புக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு லினக்ஸ் கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவருக்குத் தெரியாமலேயே அவர் லேப்டாப்பில் இரண்டு மூன்று கார்டுகள் கூடியிருக்கும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால், அதற்கும் ஓர் இன்டர்ஃபேஸ் எழும்.

கார்டு உருவாகிவிட்டது. எண்? பதித்துத் தர தொழிற்சாலை இல்லையே. ஆபரேட்டிங் சிஸ்டமே பெயர் சூட்டு விழா நடத்த வேண்டியதுதான். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, ஒதுக்கீடு பெற்ற வரிசையிலிருந்து கொடுப்பது. வி.எம்.வேர் உருவாக்கும் கார்டுகளில் 00:50:56 என்ற ஆரம்பத்தைப் பார்க்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 08:00:27. எண்ணின் தலையைப் பார்த்தே 'இது நிஜக் கம்ப்யூட்டர் இல்லை' என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் முறையில் ஓர் எண்ணை எடுப்பது. லினக்ஸ் பல இடங்களில் இதைத்தான் செய்கிறது. ஆனால், குலுக்கி எடுத்ததும் இரண்டே இரண்டு பிட்டுகளை மட்டும் தன் கையால் சரிசெய்யும். ஒரு பிட், 'இது ஒரு குழுவுக்கான முகவரி இல்லை, தனி ஆளின் முகவரி' என்பதற்கு. இன்னொரு பிட், 'இது கம்பெனி கொடுத்த எண் இல்லை. இங்கேயே வைத்துக்கொண்டது' என்று ஒப்புக்கொள்வதற்கு.

இந்த இரண்டாவது பிட்டை நீங்களே கண்ணால் பார்க்கலாம். மேக் அட்ரஸில் இரண்டாவது இலக்கத்தை மட்டும் கவனியுங்கள். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது வீட்டில் வைத்த பெயர். 0, 4, 8, சி என்று இருந்தால் பெரும்பாலும் சர்டிபிகேட்டில் இருக்கும் பெயர். ரவுட்டர் பட்டியலில் அடையாளம் தெரியாத வரிகளில் பலவற்றின் குட்டு இந்த ஓர் இலக்கத்திலேயே உடைந்துவிடும்.

குலுக்கி எடுத்தால் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழாதா? இரண்டு பிட்டுகள் போக மீதி 46 பிட்டுகள். சுமார் 70 லட்சம் கோடி எண்கள். அதோடு, எண் மோதக்கூடாது என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்தான். ஒரு தெருவில் இரண்டு 12-ம் நம்பர் வீடு இருந்தால்தான் தபால்காரருக்குத் தலைவலி; அடுத்த ஊரில் இருந்தால் அவருக்கு என்ன?

நகலெடுத்தால் வரும் வினை

குலுக்கலில் வராத மோதல், மனிதர்களால் வரும்.

விர்ச்சுவல் கம்ப்யூட்டர் என்பது கடைசியில் ஒரு ஃபைல்தான். காப்பி செய்து நண்பருக்குக் கொடுக்கலாம். ஆனால், அந்த ஃபைலுக்குள் மேக் அட்ரஸும் எழுதப்பட்டிருக்கும். அசலும் நகலும் ஒரே நெட்வொர்க்கில் ஓடினால், இரண்டும் ஒரே எண்ணோடு நிற்கும். கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி, கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்ததோ அந்தப் பக்கமே தகவலை அனுப்பும். அதனால் இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். காரணம் மட்டும் பிடிபடாது.

இதற்காகத்தான், இடம் மாறிய ஃபைலைத் திறக்கும்போது வி.எம்.வேர் 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?' என்று கேட்கும். நகர்த்தினேன் என்றால் பழைய எண்ணே தொடரும். நகலெடுத்தேன் என்றால் புதிய எண் போட்டுக்கொள்ளும். பலர் படிக்காமல் தட்டிவிட்டுப் போகும் கேள்வி அது.

லினக்ஸில் இன்னொரு விநோதம். பல கார்டுகளை ஒன்றாக இணைக்க, 'பிரிட்ஜ்' என்ற விர்ச்சுவல் இன்டர்ஃபேஸை உருவாக்குவார்கள். தனியாக எண் கொடுக்காவிட்டால், இணைந்த கார்டுகளில் எது மிகச் சிறிய எண்ணோ, அதையே பிரிட்ஜ் தன் எண்ணாக வைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு விர்ச்சுவல் கம்ப்யூட்டர் இன்னும் சிறிய எண்ணோடு வந்து சேர்ந்தால், பிரிட்ஜின் எண்ணும் மாறும். பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் மற்ற கருவிகள் சற்று நேரம் திணறும்.

லினக்ஸில் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்ற மென்பொருள் இதற்கு எளிமையான வைத்தியம் கண்டுபிடித்தது. பிரிட்ஜில் சேரும் விர்ச்சுவல் கார்டின் எண்ணை 'எஃப்இ' என்று ஆரம்பிக்க வைத்தார்கள். கிட்டத்தட்ட மிகப் பெரிய எண். வரிசையில் கடைசியில் நிற்பதால், எத்தனை பேர் வந்து போனாலும் நிஜ கார்டின் எண்ணே பிரிட்ஜின் எண்ணாக நிலைக்கும்.

வேவு பார்த்த குப்பைத் தொட்டி

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று தோன்றலாம். அது சாதாரண மனிதர்களின் சமாச்சாரமாக மாறியது லண்டன் தெருக்களில்.

வைஃபை ஆனில் இருக்கும் போன், பையில் சும்மா இருந்தாலும் 'அருகில் தெரிந்த வைஃபை இருக்கிறதா?' என்று அடிக்கடி குரல் கொடுக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குரலிலும் போனின் நிஜமான மேக் அட்ரஸ் இருந்தது. காற்றில் போவதால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வைஃபையில் செய்தியைப் பூட்டி அனுப்பினாலும், உறையின் மேலுள்ள மேக் அட்ரஸ் திறந்தபடியே போகும்.

2013-ல் லண்டன் நகரின் மையப் பகுதியில், விளம்பரத் திரை வைத்த குப்பைத் தொட்டிகள் 12-ல் ஒரு நிறுவனம் இதைக் கேட்கும் கருவியைப் பொருத்தியது. கடந்து போகிறவர்களின் போன் எண்ணைப் பதிவு செய்து, அதே ஆள் மறுபடி வருகிறாரா, எந்தத் தெருவில் போகிறார் என்று பார்த்தது. செய்தி வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். உடனே நிறுத்தச் சொல்லி, ஆகஸ்ட் மாதமே அந்தப் பகுதியின் மாநகராட்சி உத்தரவிட்டது.

பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் மாறாத ஓர் எண் போதும், ஒருவரின் அன்றாடத்தை வரைந்துவிடலாம். 1981-ல் 'எங்கே போனாலும் மாறாத எண்' என்று சொன்னபோது அது வசதி. அந்த எண் சட்டைப் பைக்குள் ஏறியதும் அதுவே வினையாகிவிட்டது.

விர்ச்சுவல் கார்டுகளுக்காக இருந்த 'வீட்டில் வைத்த பெயர்' உத்தி இப்போது போனுக்கு வந்தது. 2014-ல் ஐ.ஓ.எஸ். 8 மூலம் ஆப்பிள், வைஃபை தேடும்போது மட்டும் பொய் எண்ணைச் சொல்ல வைத்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, 2020-ல் ஐ.ஓ.எஸ். 14 இரண்டும் இன்னொரு படி மேலே போய், ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு எண் என்று ஆக்கின. வீட்டில் ஓர் எண், அலுவலகத்தில் ஓர் எண், காபிக் கடையில் ஓர் எண். மூன்றும் ஒரே போன் என்று வெளியில் யாராலும் எளிதில் சேர்த்துப் பார்க்க முடியாது.

போனுக்குள் இருக்கும் ஆப்களையும் விடவில்லை. ஐ.ஓ.எஸ். 7 மற்றும் ஆண்ட்ராய்டு 6 முதல், எந்தச் சாதாரண ஆப் மேக் அட்ரஸைக் கேட்டாலும் எல்லா போனும் 02:00:00:00:00:00 என்று ஒரே பதிலைத்தான் சொன்னது!

எல்லாம் கச்சிதமாக நடந்ததா? இல்லை. 2017-ல் அமெரிக்கக் கடற்படை அகாடமியின் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றில் அந்த வசதி வேலையே செய்யவில்லை. ஐபோனிலும் ஓட்டை இருந்தது. உறையின் மேல் பொய் எண்ணை எழுதிவிட்டு, உள்ளே இருந்த ஒரு தகவலில் நிஜ எண்ணையும் சேர்த்தே அதே நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில் வந்த ஐ.ஓ.எஸ். 17.1-ல்தான் அது அடைபட்டது.

ஓர் இலக்கம் மாறிய கதை

எண்ணை மட்டும் நம்பிக் காவல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2010 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப், ஜேஸ்டோர் என்ற தளத்திலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை மலைமலையாக இறக்கிக் கொண்டிருந்தது. நிர்வாகம் அந்த மேக் அட்ரஸைத் தடை செய்தது. சில நாட்களில் அதே லேப்டாப் மீண்டும் வந்தது. இந்த முறை மேக் அட்ரஸின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது. தடை, காகிதமாகிப் போனது.

லேப்டாப்பின் சொந்தக்காரர் ஆரன் ஸ்வார்ட்ஸ். அறிவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று போராடிய இளைஞர். 2011 ஜனவரியில் கைதானார். அரசுத் தரப்பின் குற்றப்பத்திரிகையில் மேக் அட்ரஸை மாற்றியதும் இடம்பெற்றது. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார்.

நொடியில் மாற்றக்கூடிய எண். ஆனால், எதற்காக மாற்றினோம் என்ற கேள்வி கோர்ட் வரை வரும் என்பதையும் அந்த வழக்கு காட்டியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* குழந்தையின் போனுக்கு ரவுட்டரில் நேரக் கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்களா? அது மேக் அட்ரஸை வைத்துத்தான் வேலை செய்யும். எண் மாறினால், ரவுட்டருக்கு அது புதுப் போன். ஐ.ஓ.எஸ். 18 முதல் வைஃபையின் தனிப்பட்ட முகவரிக்கு 'ஆஃப்', 'ஃபிக்ஸ்டு', 'ரொட்டேட்டிங்' என மூன்று வகைகள் இருக்கின்றன. 'ரொட்டேட்டிங்' என்றால் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எண் மாறும். வீட்டு வைஃபைக்கு 'ஃபிக்ஸ்டு' வையுங்கள். அந்த எண்ணை ரவுட்டரில் பதியுங்கள்.

* ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பெயருக்குள் போனால் 'பிரைவசி' அல்லது 'மேக் அட்ரஸ் டைப்' என்று இருக்கும். விண்டோஸில் வைஃபை செட்டிங்ஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்று பாருங்கள்.

* ஹாஸ்டலிலோ அலுவலகத்திலோ மேக் அட்ரஸை எழுதிக் கொடுக்கச் சொன்னால், போன் பற்றிய பக்கத்தில் தெரியும் எண்ணைக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த வைஃபையில் இணைந்து, அதற்கென்று காட்டும் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால், பதிந்த எண் ஒன்று, வந்து நிற்கும் எண் வேறு என்றாகி, இணைப்பு கிடைக்காது.

* பொது இடங்களின் வைஃபையில் எண் மாறும் வசதியை அணைக்காதீர்கள். அது உங்களுக்கான திரை.

* 'எங்கள் வீட்டுக் கருவிகளின் எண்ணுக்கு மட்டும் அனுமதி' என்ற மேக் ஃபில்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். காற்றில் திறந்தபடி போகும் எண்ணைக் கேட்டு, அதையே போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரலாம். நீளமான, யூகிக்க முடியாத வைஃபை பாஸ்வேர்டுதான் பூட்டு.

* ரவுட்டர் பட்டியலில் தெரியாத எண் இருந்தால், இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 2, 6, ஏ, இ என்றால், வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் அந்த வைஃபைக்குக் காட்டும் எண்ணோடு முதலில் ஒப்பிடுங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா? பாஸ்வேர்டை மாற்றுங்கள். எத்தனை எண்ணில் வந்தாலும், புது பாஸ்வேர்டு தெரியாதவர் உள்ளே வர முடியாது.

மேக் அட்ரஸ் என்பது தகவல் வந்து சேர்வதற்கான வாசல் எண். உள்ளே இருப்பது யார் என்று அது சொல்லாது. அப்படிச் சொல்லும் என்று நம்பியவர்கள்தான் இதுவரை ஏமாந்திருக்கிறார்கள்.